பச்சை மஞ்சள் வயர்

அண்ணே,

கறுப்பு டேப்பின் வாசம் உங்களுக்குத் தெரியும். வயர் முனைகளில் சுற்றுகிற அந்தப் பிளாஸ்டிக் டேப். பினாங்கு வெக்கையில் ஒரு வருஷம் மூடிக் கிடந்தால் அதன் பசை கசிந்து, உருகின ரப்பர் மாதிரி ஒரு நெடி வரும். போன வாரம் கிட்டாரின் பழைய ஸ்ட்ரிங் ஒன்றைத் தேடி மேசையின் கீழ் டிராயரை இழுத்தேன். கைக்கு எதுவும் தட்டுப்படுவதற்கு முன்னால் அந்த நெடி வந்துவிட்டது. டிராயரின் கடைசியில், ஸ்ட்ரிங் வந்த காகித உறைக்குள், உங்கள் ஆம்ப்பின், பேஸ் கிட்டாருக்கான அந்த ஒலிப்பெட்டியின், பிளக் கிடந்தது. மூன்று முள் பிளக், அதோடு ஒரு சாண் நீள வயர். நான் அறுத்து எடுத்து வைத்தது. அந்த டிராயரை ஒரு வருஷமாக நான் திறக்காததற்கு அதுதான் காரணம்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நாம் எழுதிக்கொண்டதெல்லாம் சாட் ரூமில், ஒரு வரி, இரண்டு வரி. நடுநடுவே யாராவது புகுந்து கிண்டல் அடிப்பார்கள். இங்கே யாரும் புகப் போவதில்லை. நீங்களும் பதில் அடிக்கப் போவதில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் இருக்கிறது. தெரியாததும் இருக்கிறது.

அந்தச் சாட் ரூமில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்போம். எல்லாரும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள், இல்லாவிட்டால் பேஸ் வாங்கக் காசு சேர்க்கிறவர்கள். ஈப்போ, ஜொகூர், கோலாலம்பூர் என்று ஆளுக்கொரு ஊர். பேச்சு எப்போதும் ஒன்றுதான். யார் எதை விற்கிறார்கள், எந்த ஸ்ட்ரிங் எத்தனை மாசம் தாங்கும், இந்தச் சனிக்கிழமை எங்கே கூடி வாசிக்கிற ஜாம். நான் படிவம் ஆறு முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு கொம்தார் பக்கத்துச் சைபர் கஃபேயில் குடியிருந்த காலம். எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. எல்லாம் திரையைப் பார்த்துக் கற்றதுதான். வாசிப்பதைவிட வாசிப்பதைப் பற்றிப் படித்ததே அதிகம்.

ஒருநாள் நீங்கள் வந்து, பினாங்கு பக்கம் பழைய ஆம்ப் யாராவது விற்கிறீர்களா என்று முழுக்கப் பெரிய எழுத்தில் இங்கிலீஷில் கேட்டீர்கள். ஏன் கத்துகிறாய் என்று ஒருவன் கேட்டான். "சின்ன எழுத்து எப்படிப் போடறதுன்னு தெரியலலா" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வைத்து, அதையும் பெரிய எழுத்திலேயே அடித்தீர்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொன்னேன். அதுதான் நான் உங்களுக்குச் சொன்ன முதல் விஷயம். அது சரியாக வேலை செய்தது.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் ஜாமுக்கு வந்தீர்கள். சூலியா தெருவுக்குப் பின்னால் சந்தில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த அறை. சாயங்காலம் நான்கு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கெல்லாம் முடித்துவிடுவோம், கீழே சாப்பாட்டு வண்டிகள் வந்து சந்தை அடைத்துவிடும் என்பதால். கடலுக்கு அந்தப் பக்கம், பிறை ஊர் ஃபேக்டரியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, பேஸைப் போர்வையில் சுற்றி முதுகில் கட்டி, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வந்திருந்தீர்கள். ஃபேக்டரிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. உங்கள் பேஸின் தலையில் கம்பெனிப் பெயரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். களவுப் பொருளாண்ணே என்று நான் கேட்டதற்கு, அத்தனை நல்ல பேஸ் இல்லை, யாரும் திருட மாட்டார்கள் என்றீர்கள்.

பிறகு வாசித்தீர்கள். அது வரைக்கும் பேஸ் என்றால் எனக்கு ஹெட்ஃபோனில் கேட்கிற ஒரு விஷயம். அன்றைக்குத்தான் அது மரத்தரை வழியாக ஏறி முழங்காலில் தெரியும் என்று கண்டேன். உங்களுக்கு ஸ்வரத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. பாட்டு எங்கே போகப் போகிறதோ அங்கே ஒரு கணம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பீர்கள். நேரே சைபர் கஃபேக்குப் போய் அதைப் பற்றி மட்டும் சாட் ரூமில் நாற்பது வரி எழுதினேன். எல்லாரும் என்னைக் கிண்டல் செய்தார்கள். நீங்கள் மட்டும் ஒரு வரி போட்டீர்கள்: "பேஸ் இருக்கிறப்ப யாருக்கும் தெரியாது தம்பி. நின்னுச்சுன்னாதான் தெரியும்." சின்ன எழுத்தில்.

வயதைப் பார்த்தால் உங்களுக்கு இருபத்தொன்பது, எனக்குப் பத்தொன்பது. நான் உங்களிடம் கற்றிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். உங்களுக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்டீர்கள். நான் உடனே தேடிப் படித்துவிட்டு வந்து சொல்வேன். ஸ்ட்ரிங் மந்தமாகிவிட்டது, புதுசு வாங்கக் கட்டாது என்றபோது, பழைய ஸ்ட்ரிங்கைக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்கள், அழுக்கு கழன்று மறுபடி பளிச்சென்று பேசும் என்றேன். நீங்கள் அண்ணியின் சோற்றுப் பானையிலேயே போட்டுவிட்டீர்கள். அண்ணி பானையைத் தூக்கி வாசலில் வைத்ததும், இரண்டு நாள் கடையில் வாங்கித்தான் சாப்பாடு என்றதும் சாட் ரூமில் ஒரு வாரம் ஓடின. ஆனால் ஸ்ட்ரிங் பேசியது. அதற்குப் பிறகு "நெட்டுல பாத்தியா?" என்று மட்டும் கேட்பீர்கள். பார்த்தேன் என்றால் போதும்.

அந்த நம்பிக்கையை அப்போது நான் சந்தோஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஆம்ப் கிடைத்தது ரிங்கிட் மதிப்பு சரிந்த அந்த வருஷத்தில். கடற்கரை ஓட்டல்களில் தினமும் வாசித்த பாண்டுகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லவுஞ்சில் இருந்த சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். அப்படி வந்தவற்றை வாங்கி விற்கும் ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, ஜார்ஜ் டவுனில் இருப்பதாக நான்தான் கண்டுபிடித்தேன். மெத்தைகளுக்கும் மடக்கு நாற்காலிகளுக்கும் நடுவில் அது நின்றது. சின்ன ஃபிரிட்ஜ் அளவு. கறுப்பு உறை முழுக்கச் சிகரெட் சுட்ட வடுக்கள். நான் பின்பக்கம் குனிந்து எழுத்தையெல்லாம் படித்து, அதற்கு இருபது வயதாகிறது, இந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தவுக்கே அறுநூறு வெள்ளி என்றார். நீங்கள் பேஸைச் சொருகி, அடி ஸ்ட்ரிங்கை ஒரே ஒரு தடவை தட்டி, அந்த மரப்பெட்டியில் காதை வைத்து ஓசை அடங்கும் வரை நின்றீர்கள்.

"எடுக்கலாமா தம்பி?"

எடுங்கண்ணே என்றேன். நானூற்றிருபதுக்குப் பேசி முடித்தீர்கள். மூன்று சக்கரத் திரிஷாவில் ஏற்றினோம். அந்தக் கிழவர் இரண்டு ஆள் கூலி கேட்டார். என் சம்சாரம் வீட்டில் இருக்கிறாள், இது இரண்டாவது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னீர்கள். ஃபெரி ஏறுகிற ஜெட்டி வரைக்கும் ஒரு கையை அதன் மேல் வைத்தபடி வெயிலில் கூடவே நடந்தீர்கள்.

பிரச்சினை இரண்டு வாரத்தில் வந்தது. நீங்கள் கல்யாணங்களுக்கு வாசித்த பாண்டின் தலைவர் செல்வா. கீபோர்டும் அவர்தான், பாட்டுக்கான மிக்ஸர், ஸ்பீக்கர் செட்டும் அவருடையதுதான். அந்தச் செட்டோடு உங்கள் ஆம்ப்பைச் சேர்த்ததும் ஒரு இரைச்சல். ஊஊ என்று அடித்தொண்டையில், நிற்காமல். தனியாகப் போட்டால் இல்லை, சேர்த்தால்தான். செல்வா முதல் தடவை சிரித்தார். "என்னாண்ணே, பொட்டிக்குள்ள வண்டு வளக்கிறீங்களா?" இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. இப்போது கீபோர்டிலேயே இடது கையால் பேஸ் போட்டுவிடலாம், நிறைய பாண்டில் அப்படித்தான், ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்றார். அடுத்த கல்யாணத்துக்குள் சத்தம் போகவில்லை என்றால் நீங்கள் வர வேண்டாம் என்று மற்றவர்கள் முன்னாலேயே சொன்னார். நீங்கள் பேஸைப் போர்வையில் சுற்றிய விதம் எனக்கு நினைவிருக்கிறது. மடிப்பு மடிப்பாக, மெதுவாக, யாரையும் பார்க்காமல்.

அன்றே சைபர் கஃபேக்கு ஓடினேன். வெளிநாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தில் அதே கேள்வி இருந்தது, அதே இரைச்சல். முதல் பதில்: இரண்டு சாமானுக்கும் தனித்தனியே எர்த் போவதால் வருவது இது, ஆம்ப் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடு, சத்தம் செத்துவிடும். கேட்டவன் கீழே எழுதியிருந்தான்: செய்தேன், செத்துவிட்டது, நன்றி. நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். கீழே இன்னும் பதில்கள் இருந்தன. பக்கம் முடியவில்லை. எனக்கு இன்னும் இருபது நிமிஷம் காசும் மிச்சம் இருந்தது.

மறுநாள் ஜாம் அறையில் தரையில் உட்கார்ந்து பிளக்கைத் திறந்தேன். பச்சையும் மஞ்சளும் கோடு போட்ட வயர், மேல் முள்ளில் திருகியிருந்தது. கழற்றி, செம்பை வெட்டி, மடித்து, கறுப்பு டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். நான்காவதாக அழகுக்கு ஒரு சுற்று. மூடினேன். வெளியே பார்த்தால் மூன்று முள்ளும் இருந்தன. அங்கிருந்த மிக்ஸரோடு சேர்த்துச் சொருகினோம். இரைச்சல் இல்லை. அப்படி ஒரு அமைதி அந்த அறையில் நான் கேட்டதில்லை. நீங்கள் வால்யூமை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனீர்கள், கடைசி வரைக்கும். ஒன்றுமில்லை. என் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டு, "நீ இஞ்சினியர்லா" என்றீர்கள்.

செல்வா உங்களை வைத்துக்கொண்டார்.

ஒரு மாசம் கழித்து, வாசித்துக்கொண்டிருக்கையில் விரல் நுனியில் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றீர்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசித்த நாள் அது. நான் யோசிக்கவில்லை, பதில் சொன்னேன். பழைய ஆம்ப், கை வேர்வை, கொஞ்சம் லீக் இருக்கும், சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஃபேக்டரிச் சப்பாத்தைப் போட்டீர்கள், தடித்த ரப்பர் அடி. எறும்பு போய்விட்டது. பார்த்தீர்களா என்றேன். அந்த ஆம்ப்புக்குள் ஏதோ ஒரு வயரின் உறை தேய்ந்து, கரண்ட் இரும்புச் சட்டத்துக்கும் அங்கிருந்து உங்கள் ஸ்ட்ரிங்குக்கும் வந்துகொண்டிருந்தது. அது தரைக்குப் போக ஒரு வழி இருந்தது. அந்த வழியை நான் வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தேன். எறும்பு அதைத்தான் சொன்னது. நாம் எறும்புக்குச் சப்பாத்து போட்டோம்.

நிபோங் திபாலில் உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் அந்தக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை காலை. உங்களுக்கு ஆம்ப் தூக்க நானும் வந்திருந்தேன். மேடைப் பக்கம் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தவர் வேலு. புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணங்களுக்கு லைட்டும் வயரும் போடுகிறவர். ஒவ்வொரு பிளக்காக என்னிடம் வாங்கிச் சொருகியவர், உங்கள் ஆம்ப்பின் வயது தெரிந்தோ என்னவோ, நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு எர்த் இருக்கா தம்பி?"

இல்லை என்றால் திறப்பார். திறந்தால் மாட்டுவார். மாட்டினால் இரைச்சல் திரும்பும். செல்வா நான்கு அடி தூரத்தில் கீபோர்டை விரித்துக்கொண்டிருந்தார். "மூணு முள்ளு பிளக்குதானேண்ணே" என்றேன். அவர் முள்ளைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுச் சொருகினார்.

இது உங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் நீங்கள் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

கோயில் மண்டபத்துக்குள் யார்தான் சப்பாத்தோடு வருவார்கள். நானும் வெறுங்காலோடுதான் நின்றேன். நமக்கெல்லாம் அது கழற்றுவதே தெரியாமல் கழற்றுகிற பழக்கம். ஆனால் உங்களுக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது. சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"எறும்பு கடிக்குமா?"

"கொஞ்ச நேரந்தானேண்ணே," என்றேன்.

தாலி கட்டி முடிந்தபின், பாண்டு நின்ற இடத்தில் பூவும் மஞ்சள் அரிசியும் மிதிபட்டுக் கிடந்ததென்று இரண்டு அம்மாக்கள் வாளியில் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டார்கள். அது வழக்கம்தான், யாரும் தவறாக ஒன்றும் செய்யவில்லை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் பின்குரல் உங்களுடையது. ஈர சிமெண்டில் நின்றபடி, இடது கை ஸ்ட்ரிங்கை அழுத்தியிருக்க, மைக்குக்கு வாயைக் கொண்டுபோனீர்கள்.

இரைச்சல் திரும்ப வந்தது. ஊஊ என்று, முன்னைவிடப் பெரிதாக, எல்லா ஸ்பீக்கரிலும்.

அண்ணே, நான் ஆம்ப்பைத்தான் பார்த்தேன். போச்சு, சத்தம் வந்துவிட்டது, செல்வா திட்டப் போகிறார் என்று ஆம்ப்பைப் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. வேலுதான் பார்த்தார். பந்தியைத் தாண்டி ஓடி மெயின் சுவிட்சை இறக்கியவர் அவர்தான். மண்டபம் முழுக்க அமைதியானது. அப்போது நீங்கள் விழுந்தீர்கள். அது வரைக்கும் கரண்டுதான் உங்களை நிற்க வைத்திருந்தது.

யாரோ ஒருவரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

செல்வாவும் மற்றவர்களும் பதற்றத்தில் சாமான்களை எல்லாம் வேனில் அள்ளிப் போட்டார்கள். விசாரிக்க வந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது தரையில் ஓடிய வயரும், ஈரமும்தான். தற்காலிகமாக இழுத்த வயரிங் சரியில்லை என்று முடிந்துபோனது. வேலு மறுத்துப் பேசவில்லை. அந்த மண்டபத்தில் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சாவு வீட்டில் அவரைப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே, மழையில், உள்ளே வராமல் நின்றார். நான் உள்ளே நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து செல்வா அந்த ஆம்ப்பைக் கொண்டுவந்து ஜாம் அறையில் இறக்கினார். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும் என்றார். அவர் அழுதிருந்தார். நான் பிளக்கை வயரோடு அறுத்து எடுத்துக்கொண்டேன். அறுத்ததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், வேறு யாரும் அதைச் சொருகிவிடக் கூடாது என்பது. அது பொய். வேறு யாரும் அதைத் திறந்துவிடக் கூடாது என்பதுதான்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் தேடி மறுபடி படித்தேன், இந்தத் தடவை கடைசி வரை. மூன்றாவது பதிலில் ஒருவர் எழுதியிருந்தார்: இதைச் செய்யாதே, இது ஆளைக் கொல்லும், இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. வேறு வழியும் எழுதியிருந்தார். சின்ன டப்பா ஒன்று, இரண்டு சாமானுக்கும் நடுவில் போடுவது. நம் சாட் ரூமில் கேட்டிருந்தால் யாராவது பழசு விற்றிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜாமுக்குப் போகவில்லை. சாட் ரூமில் உங்கள் பெயர் வெகுநாள் அப்படியே கிடந்தது, விளக்கு அணைந்த பெயராக.

போன வாரம் டிராயர் திறந்ததும், மறுபடி மூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிபோங் திபாலுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, வா என்றார். உங்கள் பேஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. உங்கள் பாப்பா இப்போது ஓடுகிறாள், எட்டி அடி ஸ்ட்ரிங்கைத் தட்டிவிட்டுப் போகிறாள். அது சுருதி இறங்கிக் கிடக்கிறது. நான் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வழி நெடுக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதிகூடப் போகவில்லை, அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கே வந்து சொன்னாரு. தம்பி பச்ச வயர வெட்டிட்டான், இப்ப சத்தமே இல்ல, நெட்டுல படிச்சிருக்கான்னு. ரெண்டு தடவ சொன்னாரு, அவ்ளோ சந்தோஷம்." பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னார். "நீ எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். அடுப்படி மேல் தட்டைக் காட்டினார். ஒரே மாதிரி பால் மாவு டின்கள், ஏழெட்டு, சில திறக்காமலே. மாசா மாசம் வேலு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாராம். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. உங்கள் தப்பில்லை, அந்தப் பெட்டியில் வயரை வெட்டியிருந்தார்கள் என்று அண்ணி அவரிடம் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் நம்பவில்லை. அவர் மனம் ஆறுவதற்காக அண்ணி கட்டிச் சொல்வதாக நினைக்கிறார். எர்த் இருக்கிறதா என்று தான் கேட்டதாகவும், இருக்கிறது என்று ஒரு தம்பி சொன்னதாகவும், முள்ளைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னா ஆவப்போவுது," என்றார் அண்ணி. "அவருகிட்ட போ. அத எடுத்துக்கிட்டுப் போ."

புக்கிட் தெங்காவில், லாரிகள் போகிற சாலையை ஒட்டின வரிசை வீடு. வேலு இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பிளக்கை நீட்டினேன். அவர் தொழிலில் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வாசலில் கிடந்த ஸ்குரூடிரைவரால் திருகைக் கழற்றி மூடியைத் திறந்தார், மடித்துச் சுற்றியிருந்த வயரைப் பார்த்தார், கட்டைவிரலால் டேப்பை ஒருமுறை தடவினார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். லாரி இரண்டு போனது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருதரம் பிளக்கையும் ஒருதரம் என்னையும். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நான் அன்னிக்கு உன்ன கேட்டனே தம்பி."

கேட்டார். பிளக்கை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கிரில் கதவைச் சாத்தினார். கோபமாகச் சாத்தவில்லை. உள்ளே அவர் மனைவி என்ன என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். யாரும் வரவில்லை.

அந்த வெளிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறது. வேலு வீட்டிலிருந்து திரும்பிய அன்றைக்கு அதில் கடைசிப் பதிலாக நான் எழுதினேன். நான் முதல் பதிலை மட்டும் படித்தேன், இதைச் செய்தேன், ஒருவர் செத்துப்போனார், அவர் பேஸ் வாசிக்கிறவர், ஒரு சின்னப் பெண் குழந்தை இருக்கிறது. அவ்வளவுதான். யாரும் பதில் போடவில்லை.

நேற்று சனிக்கிழமை. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஜாமுக்குப் போனேன். சைக்கிள் கடை அப்படியே இருக்கிறது. மேலே புதுப் பையன்கள், புதுப் பழைய சாமான்கள். என் பையில் ஸ்குரூடிரைவரும் கரண்ட் பார்க்கிற டெஸ்ட் பென்னும், அந்த உறையில் உங்கள் பிளக்கும் இருந்தன. யாரும் சொருகுவதற்கு முன் ஒவ்வொரு பிளக்காகத் திறந்தேன். ஏழு பிளக். இரண்டில் பச்சை மஞ்சள் வயர் கழன்று, டேப் சுற்றி இருந்தது. யார் செய்தது என்று கேட்கவில்லை. மாட்டித் திருகினேன். அவர்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார்கள். உங்கள் பிளக்கை எடுத்து நடுவில் தரையில் வைத்து, இது என்ன என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் சொருகி முடித்ததும் அந்த இரைச்சல் வந்தது, அதே ஊஊ. கிட்டார் பையன் முகத்தைச் சுளித்து, இதை எப்படிண்ணே நிறுத்துவது என்று என்னைக் கேட்டான். அடுத்த வாரம் அந்த டப்பாவைத் தேடி வாங்கலாம், இன்றைக்கு அது இருக்கட்டும் என்றேன்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அதைக் கேட்டால் இப்போது நான் முதலில் ஆம்ப்பைப் பார்ப்பதில்லை, பேஸ் வைத்திருப்பவன் முகத்தைத்தான் பார்க்கிறேன். நேற்று பேஸ் வைத்திருந்தவன் நான்தான். அதனால் கீழே குனிந்து என் காலைப் பார்த்தேன். வெறுங்கால், மரத்தரை. ஸ்ட்ரிங்கில் டெஸ்ட் பென்னை வைத்தேன். அதன் விளக்கு எரியவில்லை. பிறகு கை வைத்தேன்.

எறும்பு இல்லை, அண்ணே.